எதற்கு விளையாடுகிறாய்?

2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை 2–1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் வங்காளத்தின் சங்கீதா பாஸ்போர். அந்த வெற்றியால் 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து நம் பெண்கள் அந்தக் கோப்பைக்குப் போவது அதுதான் முதல் முறை. தாய்லாந்து லேசுப்பட்ட அணி அல்ல. 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

காரைக்குடியில் நான் பாடம் சொல்லும் கல்லூரியில், மதிப்புக் கல்வி வகுப்பில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் கேட்டாள்: “அப்ப அவுங்களுக்கெல்லாம் கவர்மென்ட் வேலை கெடைச்சிரும்ல மேம்?”

அது அசட்டுக் கேள்வி இல்லை. வீட்டு நிலவரம் தெரிந்த பெண் கேட்கும் கேள்வி. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று மாலை அதே பெண்ணின் தம்பி தெருமுனையில் டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடியிருப்பான். அவனிடம் போய், இதனால் உனக்கு வேலை கிடைக்குமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்காவே கேட்டிருக்க மாட்டாள். எனக்கு உறுத்தியது அந்த இடம்தான்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊருணிக் கரையில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், கோயில் பொட்டலில் எல்லாம் பையன்கள் இருப்பார்கள். மோசமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலோர் எந்த அணிக்கும் போகப்போவதில்லை, எந்தப் பதக்கமும் வாங்கப்போவதில்லை. ஊர் அதை ஒரு குறையாகக் கருதியதே கிடையாது. “பயலுக வெளாடுறாய்ங்க” என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அதே கண்மாயில் பெண்களும் இருப்பார்கள், பகலில். நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டு. அதே ஊருணியில் குடத்தோடும் துணி மூட்டையோடும் இருப்பார்கள். திறந்த வெளியில் பெண் உடம்பு இருக்கக் கூடாது என்று இந்த ஊர் சொன்னதே இல்லை. காரணம் இல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

வசதியான வீடுகளின் கதை வேறு. ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்தில் ஆச்சிமார்தான் இங்கே வீட்டையும் வரவுசெலவையும் பார்த்துக்கொண்டார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு ஓய்வும் இருந்தது, பல்லாங்குழியும் தாயமும் இருந்தன. ஆனால் அந்த ஆட்டமெல்லாம் வளவுக்குள், இரண்டாங்கட்டில், சப்பணமிட்டு உட்கார்ந்த இடத்தில். கை மட்டும் ஆடலாம். ஓய்வு இருந்தவளுக்கு வெளி இல்லை, வெளியில் இருந்தவளுக்கு ஓய்வு இல்லை. கால்பந்துக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும்.

ஆக, நான் கேட்க விரும்புவது இது: ஒரு பெண் விளையாடுவதற்கு வெற்றியோ வேலையோ விலையாகக் கட்டத்தான் வேண்டுமா? விளையாட வேண்டும் என்று தோன்றுவது மட்டும் போதாதா?

பெண்கள் கால்பந்தின் வரலாற்றில் இந்த விலை எப்போதும் கேட்கப்பட்டிருக்கிறது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். பிரஸ்டன் நகரில் அப்படி ஒரு தொழிற்சாலைப் பெண்கள் ஆரம்பித்ததுதான் ‘டிக், கெர் லேடீஸ்’ அணி. காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அதற்கு ஓராண்டு கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. இது பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு என்றது. வசூலான பணம் முறையாகத் தருமத்துக்குப் போகவில்லை என்றும் சொன்னது. தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பிரேசில் 1941இல் சட்டம் போட்டே தடுத்தது, 1979 வரை.

அந்த இரண்டாவது காரணத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சிப்பாய்களுக்காக ஆடியவரை அவள் ஓடலாம், உதைக்கலாம், முழங்கால் தெரியலாம். தனக்காக ஆடுகிறாளோ என்ற சந்தேகம் வந்ததும் மைதானம் மூடிக்கொண்டது. ஒரு காரணத்தின் பேரில் கொடுக்கப்பட்ட அனுமதி அந்தக் காரணம் தீர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளப்படும். அதனால்தான் அது அனுமதி, உரிமை அல்ல.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே பெண்கள் கால்பந்துக்கென்று தனிக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. ஆண்களின் அமைப்பான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அப்போது இவர்களைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1983இல் மீண்டும் இரண்டாம் இடம். அந்த ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்தில் அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர். ஆசியாவில் இரண்டாம் இடம்! இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் நாம் பட்டாசு வெடிப்போம்.

அதன் பிறகு என்ன வளர்ந்தது? 1990களில்தான் பெண்கள் ஆட்டம் தேசியக் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. 2009இல் ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் காணாமல் போனது. தோற்றுப் பின்தங்கியதால் அல்ல, ஒன்றரை ஆண்டுக்கு மேல் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடவில்லை என்பதால். மறுபடி அணி கூடியபோது, 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து தெற்காசியக் கோப்பைகளையும் அவர்களே வென்றார்கள். அந்த ஐந்தில் நாம் எத்தனையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்? பெண்களுக்கான தேசிய லீக் 2017இல்தான் தொடங்கியது. ஆக, விலை கட்டினால் சரக்கு கிடைக்கும் என்ற கணக்கே தப்பு. 1980இலும் 1983இலும் அந்தப் பெண்கள் விலையைக் கட்டிவிட்டார்கள். சரக்கு வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டுப் பெண்கள் இந்தக் கதையில் ஓரமாக நிற்பவர்கள் அல்ல. பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் பல ஆண்டுகளாக மணிப்பூரின் சொத்து போல இருந்தது. 2018இல் கட்டாக்கில் அந்த மணிப்பூரையே இறுதி ஆட்டத்தில் 2–1 என்று தமிழ்நாடு வென்றது. 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பையைக் கொண்டுவந்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் தேசிய லீக்கை வென்றது. கடலூர் மாவட்டம் மட்டும் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று தேசிய அணிக்குத் தொடர்ந்து ஆட்களைத் தந்திருக்கிறது. இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு பணியில் நின்றவர்.

இந்தப் பெண்களைப் பற்றி வரும் செய்திக் கட்டுரைகளை எடுத்துப் படித்தால் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். ஓட்டு வீடு, கூலி வேலை செய்யும் அம்மா, அரசு விடுதி, கிழிந்த பூட்ஸ், கண்ணீர், பிறகு சாதனை. பொய் இல்லை. பலர் உண்மையிலேயே அந்த வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரைகளில் எந்த இடத்திலும் அவளுக்குக் கால்பந்து பிடிக்குமா என்ற கேள்வி வருவதில்லை. இடது காலால் உதைப்பது பிடிக்குமா, நடுக்களத்தில் நின்று பந்தைப் பங்கிடுவது பிடிக்குமா, மழையில் ஆடுவது பிடிக்குமா? மெஸ்ஸியைப் பற்றி எழுதும்போது இவையெல்லாம் வருகின்றன. அவன் ஆட்டத்தை எழுதுகிறோம், இவள் வறுமையை எழுதுகிறோம். ஏழைப் பெண்ணின் விளையாட்டுக்கு ஏழ்மை ஒரு அனுமதிச் சீட்டு. நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சீட்டும் கிடையாது. அவளுக்கு பரதமும் செஸ்ஸும் போதும் என்று முடிவாகிவிடுகிறது. காரைக்குடியில் கால்பந்துப் பயிற்சிக்கு என்று பெண் பிள்ளையை அனுப்பிய டாக்டர் வீட்டையோ ஜவுளிக்கடை வீட்டையோ நான் இதுவரை பார்த்ததில்லை.

வெற்றியை மட்டும் நம்பிக் கட்டிய உரிமை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு நாம் தூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில் ‘பாலினப் பரிசோதனை’ என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் உடம்பைப் பற்றி அவருக்கே சரியாகச் சொல்லப்படுவதற்கு முன்னால் தொலைக்காட்சிகள் ஊருக்கெல்லாம் சொல்லின. அதன் பிறகு அவர் சூளையில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. பயிற்சியாளராக வேலை கிடைக்க எத்தனையோ ஆண்டு போராட வேண்டியிருந்தது.

இதில் பரிசோதனையின் அநீதியைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பதக்கம் போனதும் ஓட்டமும் ஏன் போக வேண்டும்? அவர் கால்கள் அதே கால்கள்தானே? பதக்கம்தான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே ஓடவிட்டோம். பதக்கம் இல்லை என்றானதும் அவர் ஓடுவதற்கு நம்மிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

பதக்கம் கையில் இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2023இல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சாக்ஷி மாலிக்கும் உலகப் பதக்கம் வாங்கிய வினேஷ் போகத்தும் பாலியல் அத்துமீறல் புகாரை யாராவது கேட்க வேண்டும் என்று டெல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். மே 30 அன்று பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் வரை போனார்கள். கால்பந்திலும் 2022இல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பாவில் இருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் மீது புகார் எழுந்து அவர் நீக்கப்பட்டார். அந்த அணியில் இருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளையிடம் “இந்த இடம் போனால் உனக்கு எல்லாம் போச்சு” என்று வீடும் நாடும் சேர்ந்து சொல்லி வைத்திருந்தால் அவள் எப்படி வாயைத் திறப்பாள்? விளையாட்டு ஒரு குடும்பத்தின் ஒரே ஏணியாக இருக்கும்போது, ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. தேசிய அணி என்பதே ஜெயிப்பதற்காகத்தானே, அரசுப் பணத்தில் சம்மா ஓடியாட முடியுமா என்று கேட்பார்கள். சரி, தேசிய அணி ஜெயிக்கத்தான் வேண்டும். சியாங் மாயில் தோற்றிருந்தால் எனக்கும் அன்று சோறு இறங்கியிருக்காது. ஆனால் பதினோரு பேர் நன்றாக ஆட வேண்டுமென்றால் பல்லாயிரம் பேர் மோசமாக ஆட வேண்டும். ஆண்கள் கிரிக்கெட்டில் நமக்குக் கிடைத்திருப்பது அதுதான், மோசமாக ஆடும் கோடிக்கணக்கான பையன்கள். பெண்கள் கால்பந்தில் ஆரம்பத்திலேயே தேர்வு வைத்துவிடுகிறோம். திறமை இருந்தால் வா, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. திறமை எங்கிருந்து வரும்?

இந்த வாதத்தைக் கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் கிடைக்கும். ஆனாலும் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. மோசமாக ஆடும் பெண்ணையும் கடைசியில் தேசிய அணிக்கு உரமாகத்தான் இது பார்க்கிறது. அவள் ஓடுவது அவளுக்காக என்று இதுவும் சொல்லவில்லை. இன்னொரு காரணத்தைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அவளுக்காக என்றால் என்ன? அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் ‘பெண் பிள்ளை போல எறிவது’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண் பிள்ளைகள் பந்தை எறியும்போது கையை மட்டும் ஆட்டுகிறார்கள், உடம்பு முழுவதையும் அதில் இறக்குவதில்லை. இது எலும்பிலும் தசையிலும் பிறந்த குறை அல்ல என்பது அவர் வாதம். பார்க்கப்படும் பொருளாகத் தன் உடம்பை உணர்ந்தே வளர்ந்தவள், அதைச் செய்யும் கருவியாக முழுசாக நம்புவதில்லை. தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு போட்டு, அதற்குள்ளேயே அசைகிறாள். படித்தபோது எங்கள் கல்லூரிப் பெண்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் விதம்தான் நினைவுக்கு வந்தது. பையை மார்போடு அணைத்து, தோளைக் குறுக்கி, இருக்கிற இடத்தைவிடக் குறைவான இடத்தில் நிற்பார்கள்.

பந்து காலுக்கு வரும்போது அந்தக் கோடு இருக்க முடியாது. எதிரில் வருகிறவளைத் தோளால் தள்ள வேண்டும். வாய்விட்டுக் கத்திப் பந்து கேட்க வேண்டும். விழுந்து, முழங்கால் சிராய்த்து, மண்ணைத் தட்டிவிட்டு எழ வேண்டும். துப்பட்டா எங்கே கிடக்கிறது என்று தெரியாத பத்து நிமிஷம் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. மகளாக, வருங்கால மருமகளாக, சாதிக்கப்போகிறவளாக இல்லை. பந்து எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கிறாள். இது வேறு எதற்கோ வழி என்று சொன்னால் அதைக் குறைத்துச் சொல்வதாகவே நினைக்கிறேன்.

சிவகங்கைச் சீமையில் எந்தப் பெண்கள் விழாவும் வேலுநாச்சியார் பெயரைச் சொல்லாமல் தொடங்காது. எனக்கும் பெருமைதான். ஆனால் வாளெடுத்தவளை மட்டும் கும்பிடும் ஊர், சும்மா பந்து உதைக்க வந்தவளை எங்கே வைக்கும்? தை மாதம் சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு நடக்கும்போது, மாடு பிடிக்கப் போகிறவனிடம் இதனால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டா? 2017 ஜனவரியில் ஒரு விளையாட்டுக்காக இந்த மாநிலமே மெரினாவில் உட்கார்ந்தது. பெண்கள் ராத்திரியெல்லாம் அங்கே இருந்தார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள். யாருடைய விளையாட்டுக்காக என்பதைத்தான் அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஆண்களின் விளையாட்டு பண்பாடு ஆகிவிடுகிறது, பெண்களின் விளையாட்டு திட்டமாகத்தான் ஆகிறது.

சென்ற ஆண்டு சில மாணவிகள் ஒரு மைதானத்தை வாரம் இரண்டு நாள் மாலையில் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். படிவத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று என்னிடம் வந்தார்கள். ‘மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி’ என்று எழுதலாமா மேம், ‘பெண்கள் அதிகாரம் பெறுதல்’ என்று எழுதலாமா என்றார்கள். ‘விளையாட’ என்று எழுதுங்கள் என்றேன். சிரித்தார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். நோக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும் என்று படிவம் திரும்பி வந்தது.

நோக்கம் கேட்காத ஏற்பாடு நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. நம் கண் முன்னாலேயே ஒன்று இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறாயா, ஆஸ்பத்திரிக்கா, தங்கச்சி வீட்டுக்கா, குன்றக்குடிக்குச் சாமி கும்பிடவா என்று நடத்துநர் கேட்பதில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். ஆரம்பத்தில் டீக்கடைகளில் “காசில்லன்னதும் சும்மா சுத்துறாளுக” என்ற முணுமுணுப்பு நிறையவே கேட்டது. ஆமாம், சும்மாதான். மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ஒரு புத்தகமே எழுதினார்கள், பெண்கள் பொதுவெளியில் காரணமின்றிச் சுற்றித் திரிய உரிமை கேட்டு. இங்கே ஒரு அரசாணை அதில் பாதியைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறும் உரிமையைச் சம உரிமையாகவே சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது 1993இல். அதில் நோக்கம் என்ற கட்டம் இல்லை.

எங்கள் மாணவிகளின் விண்ணப்பம் கடைசியில் ‘உடல் தகுதிப் பயிற்சி’ என்ற பெயரில் செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு அனுமதியானது. பதினான்கு பேர் வருகிறார்கள். இரண்டு பேருக்கு ஷூ இருக்கிறது. கோல்கீப்பராக நிற்பவள், பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அவளும்தான். கல்லல் பக்கத்துப் பிள்ளைகள் ஐவர் மட்டும் ஐந்தே காலுக்குப் பாதி ஆட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வண்டியை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. ஏழரை மணி வண்டியில் வர வீட்டில் விடமாட்டார்கள். ஆறரைக்கு ஒரு வண்டி கேட்டு இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.